வெள்ளைக்கல் குழியில் வேர் பிடிக்கும் கன்றுகள்

கண்டியிலிருந்து மகியங்கனைப் பாதையில் குண்டசாலையைத் தாண்டினால் திகன. கவ்வாத்து வெட்டிய தேயிலைக்குப் போடும் டொலமைட் இந்தப் பக்கத்துப் பாறையிலிருந்து உடைத்து எடுக்கப்படுகிறது. புளிப்பேறிய தேயிலை மண்ணை அது தேற்றுகிறது. கல் எடுத்த இடத்திலோ மண்ணே மிஞ்சுவதில்லை.

நான் போன பழைய குவாரியில் ஐந்தாறு பெண்கள் மரக்கன்று நடும் வேலையில் இருந்தார்கள். எல்லோரும் தோட்டத்து நாற்றுமேடையில் கை பழகியவர்கள். அலவாங்கால் கல்லை நெம்பிக் குழி தோண்டி, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணையும் மாட்டெருவையும் கலந்து நிரப்பினார்கள். மூத்தவர் ஒரு பொலித்தீன் பையைக் கிழித்தார். அடியில் வேர் வளையமாகச் சுருண்டிருந்தது. அதைக் கத்தியால் நறுக்கிவிட்டுத்தான் கன்றைக் குழியில் இறக்கினார்.

முன்பு நட்ட ஒரு கன்றின் இளந்தளிர் மஞ்சளாக இருந்தது. நரம்பு மட்டும் பச்சை.

“ஏன் அக்கா இப்படி?”

“கல்லுத்தூள் கூடிப்போச்சு தம்பி. எரு போட்டு, மேலே மானாப்புல் வெட்டிப் பரப்பணும்.”

அவர் சொன்னது சரி. சுண்ணாம்புத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மட்கிய எரு அந்தப் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்.

தேயிலையை மீள்நடுகை செய்யுமுன் மானாவோ குவாட்டமாலா புல்லோ வளர்த்து நிலத்தைத் தேற்றுவது தோட்டங்களின் நெடுநாள் வழக்கம். ஆனால் காட்டுமரம் வளர்க்கும்போது அதே புல் எதிரியாகவும் மாறும். நக்கிள்ஸ் மலைப் புல்வெளிகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், புல்வேரின் போட்டியை விலக்கியபோது மரக்கன்றுகள் கூடுதலாகப் பிழைத்தன. அந்த ஆய்வைப் பற்றி ஒன்றும் கேள்விப்படாத இந்தப் பெண்கள் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு முழத்துக்குப் புல்லை வேரோடு கொத்தி எடுக்கிறார்கள். வெட்டிய புல்லே மூடாக்கு ஆகிறது. இந்தக் கைத்திறனுக்கு நாட்கூலியைத் தாண்டி மதிப்பில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

புத்தளம் அறுவாக்காட்டில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய நிலத்தில், ஹோல்சிம் நிறுவனம் இயற்கைப் பாதுகாப்புக்கான ஐயூசிஎன் அமைப்போடு சேர்ந்து உள்நாட்டு மரங்களை நட்டது. அது வறண்ட வலயம். அந்த மரப்பட்டியல் கண்டிக்கு ஒத்துவராது. இங்கே மழை அதிகம், சரிவும் அதிகம். நிரப்பிய மண் ஓடாமல் இருக்கப் படிக்கட்டும் வெட்டிவேர் வரிசையும் முதலில் வேண்டும்.

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி, கல் எடுத்த நிலத்தைச் சீர்செய்வது அனுமதி பெற்றவரின் கடமை. ஆனால் கடைசியில் வரும் கன்றை விட முதல் நாளில் வழித்தெடுக்கும் மேல்மண்தான் முக்கியம். விதை, பூஞ்சை, புழு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதை விற்றுவிட்டால் பிறகு லொறி லொறியாக வேறு மண்ணைக் கொட்டினாலும் ஈடாகாது.

ஆகவே புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் ஒன்று செய்ய வேண்டும்: மேல்மண் எங்கே குவிக்கப்பட்டிருக்கிறது என்று நேரில் பார்த்த பிறகே முதல் வெடிக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.