அறுபத்தொன்பது கிலோ

“லங்கணம் பரம ஔஷதம்” என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். பட்டினியே பெரிய மருந்து என்பது அதன் பொருள். அந்த மருந்து பாட்டியை என்ன செய்தது என்பதையும், அதில் எனக்கிருந்த பங்கையும் இங்கே எழுதுகிறேன்.

பாட்டியை நாங்கள் ஆயா என்றுதான் அழைப்போம். வயது 68. சிதம்பரம் மேல வீதிக்கு அருகில் தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறார். வெள்ளி மாலை பள்ளி விட்டதும் அப்பாவும் நானும் கடலூரில் பஸ் ஏறி அங்கே போய்விடுவோம்.

ஆயாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. “எடையைக் குறையுங்கள்” என்றார் மருத்துவர். அப்போது ஆயாவின் எடை 74 கிலோ. எப்படிக் குறைப்பது என்று ஆயா யாரையும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு திருநீற்றுப் புதன் வந்தது. “நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கப் போறேன். ஆண்டவருக்கும் ஆச்சு, முழங்காலுக்கும் ஆச்சு” என்று சொல்லிவிட்டார். பகலில் ஒருவேளைச் சோறு; மற்ற வேளைகளில் வெறும் காப்பி. மாத்திரைகளை மட்டும் தவறாமல் விழுங்கினார்.

வாரந்தோறும் எடை பார்த்து நோட்டில் குறித்தவள் நான்தான். 73, 72, 70 என்று எண் இறங்க இறங்கக் கைதட்டினேன். ஐந்தாம் வாரம் 69. “ஆயா, நீ குமரியாயிட்டே!” என்று கேலி செய்தேன். முகம் வாடியிருந்ததை நான் பார்க்கவில்லை. எண்ணை மட்டுமே பார்த்தேன்.

அன்று மாலை கோயிலில் சிலுவைப் பாதை. ஒவ்வொரு நிலையிலும் முழங்காலிட்டு எழ வேண்டும். ஒன்பதாம் நிலையில் எல்லாரும் எழுந்தார்கள், ஆயா எழவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. “கண்ணு, எனக்குக் காலே இல்லாத மாதிரி இருக்குதடி” என்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

ஆயாவைப் பரிசோதித்த டாக்டர் அம்மா இரண்டு காரணங்கள் சொன்னார். சாப்பாட்டை விட்டுவிட்டுச் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டதால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டது. அது உடனே சரி செய்யக்கூடியது. மற்றொன்றுதான் பெரிது. “பட்டினி கிடந்தால் கொழுப்பு மட்டும் கரையாது, தசையும் கரையும். வயதானால் தசை தானாகவே குறைந்துகொண்டு வரும். போனதைத் திரும்பப் பெறுவது கடினம். பாட்டியைத் தரையிலிருந்து தூக்கிவிடுவது தொடைத் தசைதானே?” என்றார். என் நோட்டிலிருந்த எண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

மறுவாரம் மறைக்கல்வி வகுப்பில் இதைச் சிஸ்டரிடம் அழுதுகொண்டே சொன்னேன். சிஸ்டர் திருச்சபைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி ஒருசந்திக் கடமை திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரியது. அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கே; அறுபதாம் வயது தொடங்கியதும் அந்தக் கடமை நீங்கிவிடுகிறது. தாயாகிய திருச்சபை முதியோரின் உடலை அறிந்தே இப்படி விதித்திருக்கிறது! இதைக் கேட்ட பிறகுதான் ஆயாவின் மனம் ஆறியது.

அதன்பின் டாக்டர் அம்மா சொன்ன வழியில் நடந்தோம். அவசரம் கூடாது, மாதத்துக்கு ஒரு கிலோ குறைந்தாலே போதும் என்றார். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் கீரையாலும் சுரைக்காய், அவரைக்காயாலும் நிரப்பினோம். காலையில் ஒரு முட்டை, மாலையில் பாசிப்பயறுச் சுண்டல். கடலூர் துறைமுகத்திலிருந்து அப்பா வாங்கி வரும் நெத்திலியும் மத்தியும் தசைக்குப் புரதம் தந்தன. சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் இல்லாமல் சிதம்பரத்தில் வாழ முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது உண்டு; சாதம் கொஞ்சம், கொத்சு தாராளம். எடையும் உணவும் மாற மாற, மாத்திரையின் அளவையும் டாக்டர் அம்மாவே மாற்றிக் கொடுத்தார்.

உணவோடு பயிற்சியும் சேர்ந்தது. சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். முதல் நாள் மூன்று முறை; இப்போது பத்து முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவார். விடியற்காலையில் முதலில் மேல வீதியில் மட்டும் நடந்தவர், இப்போது நான்கு தேர் வீதிகளையும் சுற்றி வருகிறார்.

இவ்வழி சரியென்பதற்கு ஆராய்ச்சியும் சான்று. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த, உடல் பருத்த 160 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி 2017-இல் வெளியானது. எடையைக் குறைத்ததோடு, நடை போன்ற பயிற்சியையும் பளு தூக்கும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களே மற்றவர்களைவிட அதிக உடல்திறன் பெற்றார்களாம். முழங்கால் தேய்ந்த முதியோரிடம் நடந்த இன்னொரு ஆராய்ச்சியின் முடிவு 2005-இல் வந்தது. உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறதாம். இதை ஆயாவிடம் சொன்னபோது, “அப்போ அஞ்சு கிலோவுக்கு இருபது கிலோவா!” என்று வியந்தார்.

சாப்பிடத் தொடங்கியதும் ஆயாவின் எடை முதலில் 72-க்கு ஏறியது. நான் பதறினேன், ஆயா பதறவில்லை. பிறகு மெல்ல மெல்ல இறங்கி, இந்த ஆண்டுத் தவக்காலத்தில் மீண்டும் 69-இல் வந்து நின்றது. தையல் வகுப்பு டேப்பால் இடுப்பை அளந்தேன். முன்பு இதே 69 கிலோவில் இருந்ததைவிட இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. எடை அதேதான்; ஆனால் ஆள் வேறு.

இந்த ஆண்டுச் சிலுவைப் பாதையில் ஆயாவின் பக்கத்தில் நின்றேன். ஒன்பதாம் நிலை வந்ததும் என்னையறியாமல் கையை நீட்டினேன். “வேணாம் கண்ணு” என்று சொல்லித் தாமே எழுந்தார். பதினான்கு நிலைகளிலும் அப்படியே எழுந்தார்.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ எடை குறைக்க எண்ணலாம். எத்தனை கிலோ குறைந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். “சாப்பிட்டீர்களா? கை ஊன்றாமல் எழ முடிகிறதா?” என்றும் கேளுங்கள். நான் கேட்க மறந்த கேள்விகள் அவை.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி