குத்தகைக்காரர் இடும் எரு

நிலத்தை நாம் விளைச்சலைக் கொண்டே மதிப்பிடப் பழகியிருக்கிறோம். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதே களத்துமேட்டில் எழும் முதற் கேள்வி. விளைந்தபின் மண்ணில் எஞ்சியிருப்பது என்ன என்று கேட்போர் மிகச் சிலரே. அறுவடையைச் சாக்கில் அளந்துவிடலாம். மண்ணில் எஞ்சியதை அளக்கக் கண்ணும் போதாது, ஓராண்டும் போதாது. அந்த எச்சத்தைப் பற்றியும், அதைப் பேணும் கடமை யாருக்கு உரியது என்பதைப் பற்றியும் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

பயிர், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துத் தண்டும் இலையும் வேருமாகத் தன்னை வளர்த்துக்கொள்கிறது. அறுவடைக்குப் பின் மண்ணில் தங்கும் தாளையும் வேரையும் நுண்ணுயிர்கள் உண்கின்றன. உண்டதில் பெரும்பகுதி அவற்றின் மூச்சாக மீண்டும் காற்றில் கலந்துவிடுகிறது. சிறுபகுதி மட்டும் களித்துகள்களோடு பிணைந்து, மட்காக மண்ணில் தங்குகிறது. சிறுபகுதிதான், ஆயினும் காலமெல்லாம் சேர்ந்து சேர்ந்து, உலக நிலங்களின் மேல் ஒரு மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கோடி டன் கரிமம் தங்கியிருக்கிறது. காற்றுமண்டலத்திலுள்ள கரிமத்தையும் உலகின் செடிகொடி மரங்களிலுள்ள கரிமத்தையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. நாம் மிதித்து நடக்கும் மண் எத்தகைய கருவூலம் என்பது இதனால் விளங்கும் அன்றோ?

மட்கில் கரிமம் மட்டுமா இருக்கிறது? பத்துப் பன்னிரண்டு பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்ற அளவில் இரண்டும் இணைந்தே இருக்கின்றன. மணிச்சத்தும் கந்தகமும் அங்கே உண்டு. நுண்ணுயிர்கள் மட்கைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும்போது இச்சத்துகள் பயிரின் வேருக்குக் கிடைக்கின்றன. வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்தோ மிகக் குறைவு. ஆகவே அதை உழுதுவிட்டு உடனே நட்டால், நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள, நாற்று சில வாரம் வெளிறி நிற்கும். பொறுத்திருந்தால் எடுத்ததை அவையே திருப்பித் தருகின்றன. மண்ணின் கணக்கில் கொடுப்பதற்கும் பெறுவதற்கும் இடையே எப்போதும் ஒரு காத்திருப்பு உண்டு.

அக்காத்திருப்பு எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணை சான்று கூறுகிறது. ஜான் பென்னட் லாஸ் என்னும் நிலக்கிழாரும் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் வேதியியல் அறிஞரும் 1843-இல் அங்கே தொடங்கிய சோதனைகள் இன்றும் தொடர்கின்றன. ஹூஸ்ஃபீல்டு என்னும் வயலில் 1852-இல் வாற்கோதுமை விதைத்தார்கள். ஒரு பகுதிக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு ஏறத்தாழ 14 டன் தொழுவுரம் இட்டார்கள், 1871-உடன் நிறுத்திவிட்டார்கள். அதற்குப்பின் அப்பகுதிக்கு ஒரு கூடை எருவும் இல்லை. லாஸ் 1900-இலும் கில்பர்ட் 1901-இலும் மறைந்தார்கள். ஆனால், எரு நிறுத்தப்பட்டு நூறாண்டுகள் கடந்த பின்னரும், எருவே காணாத பக்கத்து நிலத்தைவிட அந்த மண்ணில் மட்கு மிகுந்திருந்தது. எரு சுமந்தவர் எவரும் உயிரோடில்லை. அவர்கள் சுமந்தது மண்ணில் இருந்தது.

இதைக் கேட்டவுடன் இரசாயன உரத்தைப் பழிக்கப் புறப்படுவதும் நேர்மையன்று. அதே பண்ணையின் பிராட்பாக் வயலில் தக்க அளவில் உரம் மட்டுமே இட்ட பகுதிகளும் நன்றாகவே விளைந்து வந்திருக்கின்றன. பயிர் செழித்தால் வேரும் தாளும் பெருகும். எதுவும் இடாத நிலத்தைவிட அங்கே கரிமம் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால், தொடர்ந்து தொழுவுரம் பெற்ற பகுதியிலோ அது இரண்டு மடங்குக்கும் மேல். நம் கோயம்புத்தூரிலும் 1909 முதல் இத்தகைய நிரந்தர எருச் சோதனை நடந்து வருகிறது. நம் நாட்டின் நெடுங்காலச் சோதனைகள் பொதுவாக உணர்த்துவதும் இதுவே: உரமும் தொழுவுரமும் இணைந்த இடத்தில் விளைச்சலும் நிலைக்கிறது, மண்ணும் நிலைக்கிறது, யூரியாவை மட்டும் நம்பிய இடத்தில் இரண்டும் தளர்கின்றன.

நம் நாட்டுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வெப்பம் மிகுந்த மண்ணில் நுண்ணுயிர்கள் விரைந்து உண்பதால், குளிர்நாட்டில் பல்லாண்டு தங்கும் மட்கு இங்கே விரைவில் கரைகிறது. இதை நம் முன்னோர் ஏட்டில் படித்தறியவில்லை. ஆயினும் அதற்கேற்பவே வாழ்ந்தார்கள். கோடையில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஓட்டிவரும் ஆடுகளைக் கிடை மறித்தார்கள். ஏரியின் வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டினார்கள். கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் விதைத்து மடக்கி உழுதார்கள். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, ஏரோட்டாமல், ஈரவயலில் உளுந்தைத் தெளித்தார்கள். இன்று மாடுகள் குறைந்துவிட்டன. இயந்திரம் அறுத்த வைக்கோல் கட்டுக்கட்டாய்ச் சுருட்டப்பட்டு லாரியில் ஏறி ஊரைவிட்டே போகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. அதுவும் லாரியோடு போகிறது. மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் அரை விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் 'குறைவு' என்று குறிப்பார்கள். 2015-இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தபின், நம் உழவர் பலர் அச்சொல்லைத் தம் அட்டையிலேயே படித்திருக்கிறார்கள்.

நான் பணியாற்றும் பங்கு காவிரியின் கடைமடையில் இருக்கிறது. ஆலயத்துக்கு என்று முன்னோர் எழுதிவைத்த நன்செய் கொஞ்சம் உண்டு. அதை ஆண்டுதோறும் ஏலம் விட்டு, கூடுதல் தொகை கேட்பவருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். சென்ற கோடையில் அந்த மண்ணைச் சோதிக்கக் கொடுத்தோம். 'குறைவு' என்றே அறிக்கை வந்தது. அவ்வாண்டுக் குத்தகைக்காரர் எளியவர்; சொந்த நிலம் இல்லாதவர். எரு இடலாகாதா என்று கேட்டேன்.

"சாமி, அடுத்த வருஷம் இந்த நெலம் எங்கிட்ட இருக்குமான்னு தெரியாது. நான் கடன் வாங்கி எரு அடிப்பேன், வேற ஒருத்தர் வந்து அறுப்பாரு. யூரியா போட்டா போட்ட போகத்துலயே தெரியும்" என்றார்.

அவர் சொன்னதில் பிழை காண இயலவில்லை. தொழுவுரத்தின் தழைச்சத்தில் பெரும்பகுதி முதற் போகத்தில் பயிருக்குக் கிடைப்பதில்லை. பின்வரும் ஆண்டுகளில்தான் மெல்ல மெல்லக் கிடைக்கிறது. பத்து மாதத்துக்கு மட்டும் நிலத்தைப் பெற்றவரிடம் பத்தாண்டுக்கு எரு இடச் சொல்வது எந்த நீதியில் சேரும்? நிலத்தை வறிதாக்கியது அவருடைய பேராசை அன்று; நாம் எழுதிக்கொடுத்த தாள்.

பங்குப் பேரவையில் இதை வைத்தபோது கருத்துகள் மோதின. ஆலயக் கூரை மழையில் ஒழுகுகிறது. ஏலத் தொகை குறைந்தால் அதை எப்படிச் சீராக்குவது என்றார் பொருளாளர். நீண்ட குத்தகை கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சினார் மற்றொருவர். இரண்டும் புறந்தள்ளத்தக்க அச்சங்கள் அல்ல. அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர், "கூரை ஒழுகுறது கண்ணுக்குத் தெரியுது, நெலம் ஒழுகுறது தெரியலை. அவ்வளவுதான்" என்றார். நீண்ட வாதத்துக்குப் பின், மறைமாவட்டத்தின் ஒப்புதல் பெற்று, குறைந்த தொகைக்கு மூன்றாண்டுக் குத்தகை என்று முடிவாயிற்று. ஆண்டுக்கொரு முறை தொழுவுரமோ பசுந்தாள் உரமோ இடவேண்டும். வைக்கோலில் ஒரு பகுதியேனும் வயலுக்கே திரும்பவேண்டும். இடையில் நிலத்தை விட நேர்ந்தால், இட்ட எருவுக்கு ஈடு அவருக்குத் தரப்படவேண்டும் என்பன விதிகள். பழைய குத்தகைக்காரரே ஒப்பமிட்டார். கூரைக்கு இனி வேறு வழி தேட வேண்டும், தேடிக்கொண்டிருக்கிறோம்.

லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரத்தைக் குருமடத்தில் படித்த நாள்களில், ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு என்னும் சட்டத்தை வழிபாட்டு ஒழுங்காகவே நான் எண்ணினேன். இன்று அதன் உழவுப் பொருளும் எனக்குப் புலப்படுகிறது. நிலம் இறைவனுடையது, மனிதர் அதில் தங்கிச் செல்வோர் என்பதே அவ்வதிகாரத்தின் அடிப்படை. அவ்வாறாயின் பத்திரம் வைத்திருப்பவரும் குத்தகைக்காரரே. ஏலம் எடுத்தவரும் குத்தகைக்காரரே. தங்கிச் செல்வோர் விட்டுச் செல்வது என்ன என்பதே கேள்வி.

மூன்றாண்டில் மண்ணின் கரிமம் வெகுவாக உயர்ந்துவிடாது. உயர்ந்தாலும் சோதனையில் தெளிவாகத் தெரிய அதனினும் நீண்ட காலம் வேண்டும். அதற்குள் எனக்கு மாற்றல் வந்திருக்கும். வேறொரு பங்குத்தந்தை அந்த அறிக்கையைப் பிரித்துப் படிப்பார். அதில் குறையேதும் இல்லை. அன்பு வாசகரே, உங்கள் பங்குக்கோ குடும்பத்துக்கோ நிலமிருந்து அதைப் பிறர் உழுதால், குத்தகைத் தாளை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். எரு இடுபவருக்கு அது காலம் தருகிறதா என்று மட்டும் பாருங்கள்.