வாப்பாவின் வுழூத் தண்ணீர்

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

போன டிசம்பரில் ஒரு சுபஹ் நேரம். வெலிமடைக் குளிரை நம்ம ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாடகை வீட்டில் வாப்பா விரலை மடக்க முடியாமல் பச்சைத் தண்ணீரில் வுழூ எடுத்துக்கொண்டிருந்தார். கீசர் போட்டுத்தான் இருந்தது.

“ஏன் வாப்பா, சுடுதண்ணி வரல்லையா?”

“வரும் மகன். அதுவரைக்கும் சும்மா ஓடுற தண்ணிய என்னால பார்த்துக்கொண்டு நிக்க ஏலாது.”

அன்றே வாளி வைத்து அளந்தேன். சூடு வருவதற்குள் ஆறு லீற்றர் ஓடியது. நபி (ஸல்) அவர்கள் வுழூச் செய்தது ஒரு ‘முத்து’ தண்ணீரில். கிட்டத்தட்ட முக்கால் லீற்றர். நாம் வீணாக்குவதில் எட்டுப் பேர் வுழூ எடுக்கலாம். இதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்பவன் நான். வீட்டில் அதன்படி நடந்தவர் வாப்பா.

புது வீட்டின் பிளானைப் பார்த்தேன். கீசர் குசினிப் பக்கம், வாப்பாவின் பாத்ரூம் முன்பக்கம். இடையில் முக்கால் அங்குலக் குழாய் 18 மீற்றர். அதற்குள் மட்டும் நாலு லீற்றர் ஆறிப்போய்க் கிடக்கும்.

சுடுதண்ணீரைச் சுற்றிவரச் செய்யும் பம்ப் பற்றி விசாரித்தேன். மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, கடைசிக் குழாயிலிருந்து கீசருக்குத் திரும்பி வர இன்னொரு லைன் போட்டு, பம்பை எந்நேரமும் ஓட விடுவது. திறந்ததும் சூடு வரும். ஆனால் இரவு பகலாகக் குழாய் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும், கரண்ட் பில் ஏறும்.

இரண்டு, பேசினுக்குக் கீழே ஒரு வால்வு வைத்துப் பச்சைத் தண்ணீர்க் குழாய் வழியாகவே திருப்பி அனுப்புவது. கட்டி முடித்த வீட்டுக்கு லேசு. ஆனால் பச்சைத் தண்ணீரும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக வரும்.

மூன்று, பட்டனை அழுத்தினால் மட்டும் பம்ப் ஓடி, சூடு வந்ததும் தானாக நிற்பது.

எங்கள் சுவர் இன்னும் பூசவில்லை. அதனால் முதலில் கீசரையே இடம் மாற்றினேன், வாப்பாவின் பாத்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம். இப்போது அவருக்குக் குழாய் மூன்று மீற்றர்தான், பம்பே தேவையில்லை. தூரமாகிப்போன குசினிக்கும் மேல்மாடிக்கும் திரும்பும் லைனும் பட்டன் பம்பும். குழாய்களுக்கு வெப்பக் காப்பு உறையும் போடச் சொல்லிவிட்டேன்.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். இந்த முறை டாங்கி உள்ள கீசருக்குத்தான். ஷவரோடு வரும் சின்ன ஹீட்டருக்குச் சரிவராது. கிருமி வளராமல் இருக்க டாங்கியை 60 பாகையில் வைக்க வேண்டும், ஆனால் அந்தச் சூடு சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். வயசானவர்கள் இருந்தால் பச்சைத் தண்ணீர் கலந்து விடும் வால்வு கட்டாயம்.

வாப்பாவிடம் கணக்கைச் சொன்னேன். “இனி வீணாகுறது ஒரு முத்து அளவுதான் வாப்பா.”

யோசித்துவிட்டுச் சொன்னார்: “அதுக்கும் ஒரு வாளிய வை மகன். ரோசாவுக்கு ஊத்தலாம்.”