முள்ளோடையைத் தாண்டினால் நம்ம தலைநகரம்

காரைக்காலில் இருந்து புதுச்சேரிக்கு டூர் போகும் பள்ளிப் பேருந்து பொழுது விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். முன்சீட்டில் டீச்சர்கள், கடைசி சீட்டில் பத்தாம் வகுப்புப் பையன்கள், நடுவில் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் மணக்கும் பைகள். வாந்தி வரும் பிள்ளைக்கு ஜன்னலோரம், கையில் ஒரு எலுமிச்சம்பழம். பூவத்தைத் தாண்டியதும் தமிழ்நாடு வந்துவிடுகிறது. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று பாட்டும் கூத்துமாகப் போய், முள்ளோடை செக்போஸ்ட்டைக் கடக்கும்போது மறுபடி சொந்த மாநிலம்.

"சார், நம்ம தலைநகரத்துக்குப் போக எதுக்கு சார் இன்னொரு மாநிலத்தைத் தாண்டிப் போறோம்? நாம ஏன் தமிழ்நாட்டுல இல்ல?"

எந்த வருஷ டூரிலும் யாராவது ஒரு பிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான் இது. "அங்க போனதும் சொல்றேன், உட்காரு" என்பது வழக்கமான பதில். போனதும் கடல் தெரியும், கேள்வி மறந்துபோகும்.

மறக்க வேண்டிய கேள்வி அல்ல. காரைக்கால் பிள்ளைகளுக்காவது தலைநகரம் சுமார் 130 கிலோமீட்டர். கேரளக் கரையில் இருக்கும் மாஹே பிள்ளைகளுக்கு 600-க்கும் மேல். ஆந்திராவில் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம் பிள்ளைகளுக்கு 800-க்கும் மேல். அங்கே மலையாளம், இங்கே தெலுங்கு. அரசுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் வரத் தொடங்கும் வரை, புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடநூலையும், மாஹே கேரளப் பாடநூலையும், ஏனாம் ஆந்திரப் பாடநூலையும் படித்துவந்தன. ஒரே மாநிலத்துப் பிள்ளைகள் மூன்று மாநிலத்துப் புத்தகங்களோடு வளர்ந்தார்கள். தங்கள் ஊர்க் கதையைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு இந்த ஒருநாள் டூரை விட்டால் வேறு நல்ல வாய்ப்பு ஏது?

ஆனால் டூர் எப்படிப் போகிறது? கடற்கரையில் ஒரு மணி நேரம், மஞ்சள் சுவர் முன்னால் செல்ஃபி, கடைத்தெருவில் கீ-செயின், திரும்பும் வழியில் தூக்கம். மஞ்சள் சுவர் அழகுதான், யார் இல்லை என்றது! அதோடு இன்னும் நாலைந்து இடங்களில் இறங்கினால் பஸ்ஸில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதல் இடம், ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வருகிறது. அரியாங்குப்பத்தில் திரும்பினால் ஆற்றோரம் அரிக்கமேடு. பார்க்க ஒன்றும் இல்லை என்று பிள்ளைகள் ஏமாறுவார்கள். தோப்பு, புல், ஒரு பழைய செங்கல் சுவர். அதுதான் ரோமானியர் கட்டியது என்று நினைத்து அதன் முன் நின்று போட்டோ எடுப்பவர்கள் உண்டு. அது 18-ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் கட்டியதன் மிச்சம். உண்மையான அதிசயம் மண்ணுக்குள் இருந்தது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் இத்தாலியப் பானை ஓடுகளும் கிடைத்தன. மணிகள் செய்த இடம் இது. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் வருவதற்கு ஆயிரத்து அறுநூறு வருஷம் முன்பே இந்தக் கரைக்குக் கப்பல் வந்திருக்கிறது. பார்த்த பிறகு நேரே புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனால், மண்ணில் கிடைத்ததைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. டூர் தேதி குறிக்கும் ஆசிரியர்கள் கவனிக்க!

கடலூர் சாலையில் முதலியார்பேட்டைப் பக்கம் வரும்போது பஸ்ஸை நிறுத்தக்கூட வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும். பஞ்சாலைகள் சங்கு ஊதிய பகுதி இது. 1936 ஜூலை 30-ல் இங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. இன்று ஆலைகள் மூடிக்கிடக்கின்றன. பஸ்ஸில் இருக்கும் பிள்ளைகளில் யாருடைய தாத்தாவாவது நெசவோ நூற்போ செய்திருந்தால், அந்தப் பிள்ளையிடம் மைக்கைக் கொடுத்துவிடலாம்.

அடுத்து பாரதி பூங்கா. நடுவில் வெள்ளையாக நிற்கிறது ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் முத்திரையில் இருப்பது இதுதான். ராஜா ராணி கதையல்ல, தண்ணீர்க் கதை. ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டியதாகக் கதை. பல நூற்றாண்டு கழித்து, முத்திரப்பாளையத்தில் இருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பேரில் இந்த மண்டபம் எழுந்தது. தலைவர் சிலையையோ கோட்டையையோ முத்திரையில் வைக்காமல், ஊருக்குத் தண்ணீர் விட்ட ஒரு பெண்ணின் மண்டபத்தை வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பூங்காவுக்கு எதிரே சட்டப்பேரவை. வாசலில் நிற்கும் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியில்தான் பையன்கள் கண் போகும். அந்தத் தொப்பியும் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனதுதான். உள்ளே தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இடங்கள் 30. புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேக்கு 1, ஏனாமுக்கு 1. காரைக்கால் பிள்ளைகள் தங்கள் ஐந்து தொகுதிகளின் பெயரைச் சொல்லட்டும் என்று ஒரு போட்டி வைக்கலாம். ஜெயித்தவருக்கு ஐஸ்கிரீம்.

இங்கிருந்து நடை. வாய்க்காலின் கிழக்கே, கடல் பக்கம் வெள்ளையர் வாழ்ந்த தெருக்கள். மேற்கே தமிழர் தெருக்கள், தூண் வைத்த திண்ணை வீடுகள். சுற்றுலாக் கூட்டம் முழுக்கக் கிழக்கே நிற்கிறது. பிள்ளைகளை மேற்கே கூட்டிப்போக வேண்டும். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு பிடிக்கத் தேடியபோது, 1908-ல் அவர் இந்த ஊருக்கு வந்தார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் இந்தப் பத்து வருஷத்துப் பயிர். 1910-ல் அரவிந்தரும் வந்து சேர்ந்தார். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் போலீசால் கைது செய்ய முடியாது, உளவு மட்டும்தான் பார்க்க முடியும். 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டினார். உடனே பிடித்துக் கடலூர் சிறையில் அடைத்தார்கள். காலையில் அரட்டையும் அந்தாக்ஷரியுமாகப் பிள்ளைகள் கடந்துவந்த அதே கடலூர்.

அங்கிருந்து பெருமாள் கோயில் தெருவுக்கு நடந்தே போகலாம். அங்கே பாரதிதாசன் வீடு. 1891-ல் இதே ஊரில் பிறந்தவர். குருவைத் தேடி எங்கும் போகவில்லை. குருவே எல்லை தாண்டி வந்து சேர்ந்தார். தமிழ்ப் பாடத்தில் இருவரின் கவிதைகளையும் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள், இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத் தங்கள் காலாலேயே அளந்து பார்க்கலாம்.

மதியம் மணக்குள விநாயகர். முன்பெல்லாம் லட்சுமி யானையிடம் ஆசி வாங்க வரிசை நிற்கும். 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சியில் அவள் சரிந்து விழுந்து இறந்தபோது ஊரே அழுதது. அண்ணன் அக்காமார் போட்டோவில் பார்த்த யானையை இந்த வருஷப் பிள்ளைகள் தேடுவார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகுதான் கடற்கரை. இங்கே ஓடியாடட்டும், பேச்சு வேண்டாம். நிழல் தேடும் ஆசிரியர்கள் மட்டும், காந்தி சிலைக்கு எதிரே உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தின் அருகே நாலைந்து பிள்ளைகளை நிறுத்தி, முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்தவர்களுக்காகக் கட்டியது என்று சொல்லலாம். இன்றும் ஜூலை 14 அன்று இங்கே மாலை வைக்கிறார்கள். ஏனென்றால் இந்த ஊரில் பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 1962-ல் ஆறு மாத அவகாசம் கொடுத்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சிலர் கையெழுத்துப் போட்டார்கள். பலர் போடவில்லை. அதனால்தான் ஒரே தெருவில் இந்தியத் தேர்தலுக்கு ஓட்டுப் போடும் வீடும், பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போடும் வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

கடைசி இடத்துக்கு டூர் பேருந்துகள் அதிகம் போவதில்லை. ஊருக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் கீழூர். வயலும் மரமுமான ஒரு சின்ன கிராமம், ஒரு நினைவிடம். கடையில்லை, கடலில்லை. ஆனால் காலையில் பஸ்ஸில் எழுந்த கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

1954-ல் ஜூன் மாதம் ஏனாமும், ஜூலை மாதம் மாஹேயும் போராட்டத்தால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்து விடுபட்டுவிட்டன. மிச்சம் புதுச்சேரியும் காரைக்காலும். அக்டோபர் 18 அன்று இரண்டு ஊர்களின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கீழூரில் கூடினார்கள். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 170 பேர். வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1956-ல் எழுதிய ஒப்பந்தம், இந்த ஊர்களுக்கு இருந்த தனி நிர்வாக அந்தஸ்து தொடரும், மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தைக் கேட்ட பிறகே என்றது. பிரான்ஸ் அதை ஏற்று முடித்தது 1962 ஆகஸ்ட் 16-ல். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் கீழூரில் கொடியேற்றுகிறார்கள். 1979-ல் தமிழ்நாட்டோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு டெல்லியில் எழுந்தபோது, இங்கே மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தப் பேச்சு அதோடு அடங்கியது.

இவ்வளவையும் மரத்தடியில் உட்கார வைத்துச் சொல்ல கால் மணி நேரம் போதும். வேண்டாம் என்ற எட்டுப் பேரைப் பற்றித்தான் பிள்ளைகள் அதிகம் கேட்பார்கள். "அவங்களை என்ன சார் பண்ணினாங்க?" ஒன்றும் பண்ணவில்லை, எண்ணிக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு டிரைவர் ஹாரன் அடிப்பார். இருட்டுவதற்குள் கடலூரைத் தாண்ட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது டீச்சர் வழக்கம்போலத் தலையை எண்ணுவார்.