குற்றாலத்துல குளிச்சா உடம்பு ஃபிட் ஆயிடுமா?

ஜூன் மாசம் காலேஜ் திறக்கிறதும் குற்றாலத்துல சீசன் ஆரம்பிக்கிறதும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் வரும். தென்காசிப் பக்கத்துப் பசங்களுக்கு இது வரமா சாபமான்னு இன்னும் யாரும் தீர்ப்பு சொல்லல. முதல் வருஷ பி.காம். டைம்டேபிள்ல "உடற்தகுதியும் நலவாழ்வும்"னு ஒரு வகுப்பு இருந்துட்டா போதும், முதல்ல பலியாகுறது அதுதான். "ஏல மக்கா, சாரல் அடிக்கு. அக்கவுண்ட்ஸ்னாக்கூட சரி, இதுக்கெல்லாமா கிளாஸ்ல உக்காருவாங்க?"ன்னு ஒருத்தன் கிளப்பி விடுவான். அரை மணி நேரத்துல பாதி வகுப்பு ஐந்தருவில நிக்கும். மறுநாள் கேட்டா பதில் ரெடி. "உடம்புக்குத்தான் சார் போனோம்!"

பதில்ல பாயிண்ட் இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனா அந்த வகுப்போட முதல் பாடத்தைப் புரட்டினாலே வண்டவாளம் வெளியே வந்துடும். உடற்தகுதின்னா அஞ்சு விஷயம்: இதயமும் நுரையீரலும் தாக்குப்பிடிக்கிற திறன், தசையோட பலம், தசை எவ்வளவு நேரம் தாங்கும்ங்கிறது, உடம்பு வளையுற தன்மை, உடம்புல கொழுப்பு எவ்வளவு மற்றது எவ்வளவுங்கிற விகிதம். இப்ப பேரருவிக்குக் கீழ போய் நின்னுக்கிட்டு இந்த அஞ்சுல எது கூடுதுன்னு யோசிச்சுப் பாருங்க. எண்ணெய் தேய்ச்சு மசாஜ் பண்ணிக்கிட்டா உடம்பு இளகும், தண்ணி தோள்ல விழும்போது சுகமா இருக்கும், அன்னிக்கு ராத்திரி தூக்கம் அள்ளிக்கிட்டுப் போகும். எல்லாம் உண்மை. ஆனா நாம சும்மாதான் நிக்கிறோம். உழைக்கிறது அருவி!

சும்மா நிக்கிறதுலயும் ஒரு விஷயம் கவனிக்கணும். குளிர்ந்த தண்ணி திடீர்னு மேல விழுந்தா தோல்ல இருக்கிற ரத்தக் குழாய் சுருங்கும், மூச்சு ஒரு கணம் அடைக்கிற மாதிரி இழுக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இருபது வயசுக்கு அது ஜாலி. கூட வர்ற பெரியப்பாவுக்கு பி.பி. இருந்தா கை, கால்னு மெதுவா நனைச்சுக்கிட்டுப் போகச் சொல்றதுதான் நல்லது. இன்னொண்ணு, கீழ வெயில் அடிச்சாலும் மேல காட்டுக்குள்ள மழை கொட்டலாம். 2024 மே 17 அன்னிக்கு பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போய் இறந்துட்டான். போலீஸ் கயிறு கட்டித் தடை போட்டா "என்ன சார் இது"ன்னு முணுமுணுக்கிறவங்க அதைக் கொஞ்சம் நினைச்சுக்கணும்.

சரி, பாடத்துக்கு வருவோம். "வெல்னஸ்"ங்கிற வார்த்தை இப்ப ஸ்பா போர்டுல எல்லாம் தொங்குது. அதைப் பிரபலப்படுத்துன ஹால்பர்ட் டன் ஒரு டாக்டர், கூடவே புள்ளியியல்காரர். 1961-ல அதைப் பத்திப் புத்தகமே போட்டார். அதுக்கு முன்னாடியே, 1948-ல உலக சுகாதார நிறுவனம், நோய் இல்லாம இருக்கிறது மட்டும் ஆரோக்கியம் இல்ல, உடம்பு, மனசு, கூட வாழுற மனுஷங்க எல்லாம் சேர்ந்ததுதான்னு சொல்லிடுச்சு. இந்தக் கடைசி ரெண்டுக்கு மட்டும்னா குற்றாலம் போனவங்களுக்கு முழு மார்க் போட்டுடலாம் :-)

காமர்ஸ் பசங்களுக்கு இந்தப் பேப்பர் பிடிக்கலங்கிறதுதான் ஆச்சரியம். எல்லாமே கணக்கு! 220-லேர்ந்து வயசைக் கழிச்சா இதயத் துடிப்போட உச்ச அளவு தோராயமாக் கிடைக்கும். 20 வயசுன்னா 200. மிதமான உழைப்புன்னா அதுல 50-லேர்ந்து 70 சதவீதம், அதாவது 100-லேர்ந்து 140. மணிக்கட்டுல விரல் வச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கினா முடிஞ்சுது. எண்ணவும் சோம்பலா? நடக்கும்போது பேச முடியணும், பாட்டு பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரியான வேகம். (சும்மாவே பாட முடியாதவங்க எண்ணித்தான் ஆகணும்.)

உயரம் 170 செ.மீ., எடை 68 கிலோ உள்ள ஒரு பையனை எடுத்துக்குங்க. 68-ஐ 2.89-ஆல வகுத்தா 23.5. உலகப் பொது அளவுப்படி 25 வரைக்கும் கவலை இல்ல. ஆனா நம்ம மாதிரி ஆசியர்களுக்கு 23 தாண்டினாலே சர்க்கரை, இதய நோய் அபாயம் ஏற ஆரம்பிக்குது. "நான் ஒல்லிதான்"னு திரியுற, கொஞ்சமா தொப்பை வச்ச பல பேர் இந்த இடத்துல மாட்டுவாங்க. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. டேப் பக்கத்து டெய்லர் கடையிலயே கிடைக்கும்.

2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல பெரியவங்கள்ல 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய், கிட்டத்தட்ட 10 கோடிப் பேர். பி.காம். முடிச்சவன் போய் உக்காரப் போறது டேலி முன்னாடி, இல்லன்னா பேங்க் கவுண்டர்ல. மெஷினுக்குத் தேய்மானம் நேர்கோட்டு முறையா, குறைந்து செல் இருப்பு முறையான்னு பத்து மார்க்குக்கு எழுதுவான். உக்காந்தே தேயுற உடம்புக்கு எந்த லெட்ஜரும் கிடையாது.

பொண்ணுங்க கதை இன்னும் மோசம். 2024-ல லான்செட் குளோபல் ஹெல்த்ல வந்த கணக்குல, போதுமான அளவு உடலுழைப்பு இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம். ஸ்கூல்ல கோகோ ஆடுன பொண்ணு காலேஜ் வந்ததும் எங்க போய் ஓடுவா? கிரவுண்ட் பசங்க கையில. சாயங்காலம் ஆனா "இன்னும் வீட்டுக்கு வரலியா"ன்னு போன். பஸ்ஸைப் பிடிக்க ஓடுறதுதான் அவளோட மொத்த உடற்பயிற்சி. வாரத்துல ரெண்டே ரெண்டு மணி நேரம் கிரவுண்டைப் பொண்ணுங்களுக்குன்னு ஒதுக்கினா, போஸ்டர் ஒட்டி நடத்துற பத்து விழிப்புணர்வுக் கூட்டத்தை விட அது மேல்.

எவ்வளவு செய்யணும்? 2020-ல உலக சுகாதார நிறுவனம் சொன்னது, வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உழைப்பு, கூட ரெண்டு நாள் தசைக்கு வேலை. ஜிம் பீஸ் எல்லாம் வேண்டாம், தண்டால் போதும். விட்டுட்டா சேர்த்தது சில வாரத்துலயே கரையும். பிரானூர் பார்டர் புரோட்டாவை விடச் சொல்லி யாரும் சொல்லல, பயப்படாதீங்க. ஒவ்வொரு தடவை குளிச்சு முடிச்சதும் அதுதான்னா மட்டும் கொஞ்சம் இடிக்கும்.

தென்காசிலேர்ந்து குற்றாலம் அஞ்சாறு கிலோமீட்டர்தான். வேகமா நடந்தா ஒரு மணி நேரம். நடந்து போய்க் குளிச்சுட்டு பஸ்ல திரும்பினாக்கூட சனி, ஞாயிறு சேர்த்து 120 நிமிஷம் கணக்குல ஏறிடும். மிச்சம் 30-க்கு காசி விஸ்வநாதர் கோயில் ரத வீதி இருக்கு. சீசன் நேரத்துல ரோட்டுல வண்டி ஜாஸ்தி, அதனால விடியக்காலையிலேயே கிளம்பிடணும்.