கோடிக்கரையின் பழைய காடு

கோடிக்கரைக்கு வருகிறவர்களில் பலர் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் பூங்குழலியைத் தேடித்தான் வருகிறார்கள். கதையில் வரும் கலங்கரை விளக்கம் எங்கே என்று கேட்டால், கடலோரம் செங்கல் கிடக்கும் ஓர் இடத்தைக் காட்டுவார்கள். சோழர் காலத்தது என்று ஊரார் சொல்லிவந்த கட்டடம் அது. ஏற்கெனவே இடிந்து குட்டையாகிப்போயிருந்தது. மிச்சத்தை 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி சாய்த்துவிட்டது. பார்க்க ஒன்றுமில்லை என்று முகம் சுளித்துத் திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் வந்த வழியெல்லாம் இருந்த காடு அந்த விளக்கத்தைவிடப் பழையது.

இதற்கு இலக்கியச் சாட்சியே இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த சுந்தரர், கோடிக்குழகர் கோயிலைப் பார்த்துக் கலங்கிப்போனார். பக்கத்தில் குடியில்லை, கடற்காற்று வந்து மோதுகிறது, ஆந்தையும் கூகையும் அலறுகின்றன. இங்கே உமக்கு யார் துணை என்று இறைவனையே கேட்டுப் பதிகம் பாடினார். இறைவனுக்காகப் பட்ட கவலை, நமக்குக் காட்டின் அன்றைய நிலையைச் சொல்லும் ஆவணமாகிவிட்டது.

இன்றும் பாலை மரங்கள் அடர்ந்த உலர் பசுமைமாறாக் காடு அது. நடுநடுவே புல்வெளி. பறவையியலாளர் சலீம் அலி இந்த இடத்தின் அருமையை 1962இல் எடுத்துச் சொன்னார். 1967இல் வெளிமான்களுக்காகச் சரணாலயம் அமைந்தது. 2002இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். உள்ளங்கையில் அடங்கிவிடும் கொசு உள்ளான்கள் ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வந்து சேற்றைக் கொத்தித் திரியும். படமெடுப்பவர்கள் எல்லாரும் பூநாரையோடு நிறுத்திக்கொள்வது எனக்கு ஒரு குறை.

சரணாலயம் யாருக்காக அமைந்ததோ அந்த வெளிமானுக்குத் தேவை மறைவிடம் அல்ல, திறந்த வெளி. தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிழைக்கும் விலங்கு அது. அந்த வெளியைத்தான் சீமைக்கருவேலம் தின்கிறது. அதன் நெற்றுகள் இனிப்பு; காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் விரும்பித் தின்னும். விதை செரிக்காது. குதிரை போகிற இடமெல்லாம் சாணத்தோடு விழும், மழை பட்டதும் முளைக்கும். மானின் புல்லையும் மேய்ந்துவிட்டு, மானின் வெளியில் முள்ளையும் விதைத்துவிட்டுப் போகிறது குதிரை. அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. அது தானாக இந்தக் காட்டுக்கு வந்ததல்ல, மனிதர் வளர்த்த குதிரைகளின் வாரிசு.

2018 நவம்பரில் கஜா புயல் பக்கத்திலுள்ள வேதாரண்யத்தைப் புரட்டிப் போட்டபோது இங்கும் மரங்கள் சாய்ந்தன. அது ஒரே இரவின் சேதம். எல்லாருக்கும் கண்ணில் பட்டது. சீமைக்கருவேலம் செய்வது அப்படியல்ல. வனத்துறை அதைப் பல ஆண்டுகளாக அகற்றிவருகிறது. வெட்டினால் போதாது, அடிக்கட்டை துளிர்த்துவிடும். வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்திலும் அடுத்த மழைக்குப் பிறகு புதுக்கன்றுகளைத் தேடிப் போயாக வேண்டும்.