கூலி மட்டும் கேட்கவில்லை

தம்பி, நீ சூப்பர்வைசர் ஆகி ஒரு வருஷம் முடியவில்லை, அதற்குள் உன் பிரிவில் மூன்று பேர் போய்விட்டார்கள். "காசு கூடக் கிடைத்தால் சிங்கப்பூருக்கு ஓடிவிடுகிறார்கள் பெரியப்பா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசமே கிடையாது" என்று போனில் புலம்பினாய். காசும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீ குடியிருக்கிற இதே கிள்ளானில் 1941-இல் நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு.

அந்த வருஷம் மார்ச்சில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுகிற நம் சனம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. முன்னால் நின்றவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்த ஆர்.எச். நாதன். கோரிக்கைகள் 12. கூலி உண்டுதான். அதிலும் அவர்கள் கேட்டது, சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதையே எங்களுக்கும் கொடு என்று. பக்கத்து ஆளுக்கு ஏன் கூட என்ற கேள்விதான் அவர்களை அரித்தது. இன்றைக்கும் பேஸ்லிப்பை ரகசியமாக ஒப்பிட்டுப் பார்க்கிற பிள்ளைகளை அரிப்பது அதுதான்.

மற்றவற்றைப் பார். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம். மருத்துவ வசதி. பெண்களிடம் யாரும் கைவைக்கக் கூடாது. உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி. கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். குடிகாரக் கூட்டம் என்று நம்மை ஏசினவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்!

எனக்கு ரொம்பப் பிடித்தது சைக்கிள் கோரிக்கை. எதிரே வெள்ளைக்காரத் துரை வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அவருக்குக் கீழே இருந்த கிராணி வந்தாலும் அப்படித்தான். தன் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய சைக்கிள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரம். இறங்கி ஓரமாக நிற்க வேண்டும், அவர் தாண்டிப் போனதும் மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். அரை நிமிஷ வேலைதான். அந்த அரை நிமிஷத்தையும் கோரிக்கையில் எழுதிவைத்து, கூலியை விட்டு வெளியே நின்றார்கள். இதையும் யோசி: இறங்கச் சொன்னவர்களில் நம் நிறத்துக்காரர்களும் இருந்தார்கள். உன்னைப் போல நடுவில் இருந்தவர்கள்.

கூலி கொஞ்சம் ஏறியது. கொதிப்பு அடங்கவில்லை. மே மாதம் நாதனைப் பிடித்து உள்ளே வைத்ததும் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள். தொழிலாளிகள் சுடப்பட்டுச் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

என் கதையையும் கேள்: நான் துறைமுகத்தில் வேலையில் இருந்த காலத்தில் பக்கத்துக் கிடங்கில் சம்பளம் கூட. தெரிந்தும் நாங்கள் யாரும் போகவில்லை. எங்கள் போர்மேன் ஷிப்டுப் பட்டியலை முந்தின வாரமே ஒட்டிவிடுவார். நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் வேலைக்கு நிற்போம், தீபாவளிக்கு மலாய்க்காரத் தோழர்கள் நிற்பார்கள். இதற்காக அவரிடம் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. வீட்டில் முறுக்கு சுடுகிற நாள் முன்கூட்டியே தெரிகிற வேலையை யாரப்பா விடுவான்?

இப்போது சட்டம் உன் பிள்ளைகள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து வழக்கமான வேலை வாரத்துக்கு 45 மணி நேரம்தான், பிரசவ விடுப்பு 98 நாள். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும். ஆனால் கேட்டவளை அடுத்த மீட்டிங்கில் நீ எந்த முகத்தோடு பார்க்கிறாய் என்பதைச் சட்டத்தில் எழுத முடியாது. அந்த 12 கோரிக்கைகளில் இதற்கும் ஒன்று உண்டு: குறை சொன்னவரைப் பழிவாங்காதே.

உன் பிரிவிலிருந்து அடுத்த மாதம் போகப்போகிற பெண்ணை ஒரு நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போ. இருக்கச் சொல்லிக் கெஞ்சாதே. நீ சூப்பர்வைசர் ஆன பிறகு உன்னிடம் அவள் என்னென்ன கேட்டாள், நீ என்ன பதில் சொன்னாய் என்று மட்டும் கேள். நடுவில் குறுக்கிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.